முதியோர் இல்லத்தில் மாத்திரை மாறாமல் இருக்க: கோத்தகிரியிலிருந்து ஒரு நர்ஸ் எழுதுவது

கோத்தகிரிக்குப் பக்கத்தில் ஒரு சிறிய முதியோர் இல்லத்தில் மருந்து அறை என் பொறுப்பு. எஸ்டேட்டில் கொழுந்து பறித்து ஓய்வு பெற்றவர்கள், அருவங்காடு தொழிற்சாலையில் வேலை பார்த்தவர்கள், பிள்ளைகள் பெங்களூரிலும் துபாயிலும் இருக்கும் படுக அம்மாக்கள் என்று எங்களிடம் எல்லோரும் கலந்து இருக்கிறார்கள். முழு நேர டாக்டர் கிடையாது. வாரம் ஒருமுறை ஒருவர் வந்து பார்ப்பார், மற்ற நாட்களில் போன்தான். மலையில் உள்ள சின்ன இல்லங்கள் பலவும் இப்படித்தான் நடக்கின்றன. அந்த மாதிரி இல்லத்தை நடத்துகிறவர்களுக்காகவும், அங்கே அம்மா அப்பாவை விட்டிருக்கும் பிள்ளைகளுக்காகவும் இதை எழுதுகிறேன்.

மாத்திரை மாறிப்போனது என்றாலே யாரோ ஒரு ஆயாம்மா கவனமில்லாமல் இருந்துவிட்டார் என்றுதான் முதலில் நினைக்கத் தோன்றும். 2009இல் இங்கிலாந்தில் ஒரு ஆய்வு வெளியானது. 55 இல்லங்களில் 256 முதியவர்களின் மருந்துகளைத் துருவிப் பார்த்தார்கள். பத்தில் ஏழு பேருக்கு ஏதாவது ஒரு மருந்துப் பிழை இருந்தது. ஒருவருக்குச் சராசரியாக எட்டு மருந்து. டாக்டர் எழுதியதில் பிழை, கடையில் எடுத்துக் கொடுத்ததில் பிழை, இல்லத்தில் கொடுத்ததில் பிழை, அப்புறம் ரத்தப் பரிசோதனை செய்து பார்க்க வேண்டிய மருந்துக்குப் பரிசோதனையே செய்யாமல் விட்டது. நான்கு இடத்திலும் இருந்தது. அதனால் "எங்க இல்லத்துல அப்படி ஒண்ணும் நடக்கிறதில்லை" என்று யாராவது சொன்னால், அங்கே இன்னும் யாரும் உட்கார்ந்து பார்க்கவில்லை என்றுதான் நான் எடுத்துக்கொள்வேன்.

நான் பார்த்தவரை, பெரிய குழப்பங்கள் ஒருவர் வாசல் தாண்டும் நாளில் நடக்கின்றன. வீட்டிலிருந்து இல்லத்துக்கு வரும் நாள், ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பும் நாள், பண்டிகைக்கு ஊருக்குப் போய்விட்டு வரும் நாள். தினசரி ஒழுங்கு முக்கியம்தான், ஆனால் இந்த நாட்களை இறுக்கிப் பிடிப்பது அதைவிட முக்கியம்.

முதல் நாள் பையைக் கொட்டிப் பாருங்கள்

புதிதாக ஒருவர் வரும்போது கூடவே ஒரு துணிப்பை வரும். வெட்டிய அட்டைகள், பாதி காலியான சிரப், கவரில் போட்டுக் கொடுத்த உதிரி மாத்திரைகள், எப்போதோ திறந்த கண் சொட்டு மருந்து, பக்கத்து வீட்டுக்காரர் கொடுத்த முட்டிவலி மாத்திரை எல்லாம் அதில் இருக்கும். "எல்லாம் பைல இருக்கு சிஸ்டர், அம்மாவே கரெக்டா எடுத்துப்பாங்க" என்று சொல்லிவிட்டு, இருட்டுவதற்குள் மேட்டுப்பாளையம் இறங்க வேண்டும் என்று பிள்ளைகள் அவசரப்படுவார்கள். விடாதீர்கள். ஒரு டீ கொடுத்து உட்கார வையுங்கள். பையை மேசையில் கொட்டி, ஒவ்வொன்றாக எடுத்து, இது எதற்கு, எந்த வேளை, கடைசியாக எப்போது சாப்பிட்டார் என்று கேளுங்கள். வயதானவரிடமும் கேளுங்கள். படுக மொழி மட்டும் சரளமாகப் பேசும் பாட்டியாக இருந்தால் அந்த மொழி தெரிந்த ஒருவரைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். மகன் சொல்வதும் அம்மா சொல்வதும் பல நேரம் ஒத்துப்போகாது. உண்மையில் எதை விழுங்கினார் என்பது அம்மாவுக்குத்தான் தெரியும்.

அட்டையில் பார்க்க வேண்டியது பிராண்ட் பெயரை அல்ல, அதோடு அச்சடித்திருக்கும் மருந்தின் பெயரை. டெல்மா, டெல்மிகைண்ட் என்று இரண்டு அட்டை இருந்தால் இரண்டுமே டெல்மிசார்ட்டான், பிரஷருக்கு ஒரே மருந்து. எக்கோஸ்ப்ரின் ஏவியும் இருந்து, அட்டோர்வாஸ்டாட்டின் தனியாகவும் இருந்தால், கொழுப்பு மாத்திரை இரண்டு முறை போகிறது. ஏவியிலேயே அது சேர்ந்திருக்கிறது. சர்க்கரைக்குக் கொடுக்கும் கிளைக்கோமெட் வேறு, கிளைக்கோமெட் ஜிபி வேறு. ஜிபியில் கிளிமெபிரைடும் உண்டு, அது சர்க்கரையை ஆபத்தான அளவுக்கு இறக்கிவிடக்கூடியது. பெயர் ஒன்றுபோல இருக்கிறதே என்று ஒன்றுக்குப் பதில் இன்னொன்றைக் கொடுத்தால், சரியாகச் சாப்பிடாத பாட்டிக்கு மதியத்துக்குள் நினைவு தவறலாம்.

நம் ஊரில் இன்னொன்றும் உண்டு. 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் சர்க்கரைக்கும் பிரஷருக்கும் மாத்திரை வீட்டுக்கே வருகிறது. நடக்க முடியாமல் எஸ்டேட் லைன் வீட்டில் இருக்கும் வயதானவர்களுக்கு அது பேருதவி. ஆனால் அதே ஆளை மகன் கோயம்புத்தூருக்கு அழைத்துப் போய்க் காட்டி, வேறு மாத்திரையும் வாங்கித் தந்திருப்பார். ஒன்றில் அம்லோடிபின் என்று மருந்தின் பெயர், மற்றதில் அம்லாங் என்று பிராண்ட். இரண்டும் ஒன்றே. வீட்டில் இருந்தவரை பாட்டி ஒரு நாள் இதை எடுப்பார், ஒரு நாள் அதை எடுப்பார், ஒரு நாள் இரண்டையும் மறப்பார். இல்லத்துக்கு வந்ததும் நாம் தவறாமல் இரண்டையும் கொடுக்கத் தொடங்குவோம். வந்த முதல் வாரத்தில் பாத்ரூம் போகும் வழியில் தலைசுற்றி விழுந்தால், "இடம் புதுசு" என்று சொல்லி விட்டுவிடாதீர்கள். உட்கார்ந்தபடி ஒருமுறை, எழுந்து நின்றபின் ஒருமுறை பிரஷர் பாருங்கள். பிறகு முதல் நாள் எழுதிய மருந்துப் பட்டியலை எடுத்து மறுபடி படியுங்கள்.

பெயர் தெரியாத உதிரி மாத்திரையை நிறம் பார்த்து ஊகிக்க வேண்டாம். கவரில் போட்டு ஒதுக்கிவிட்டு, டாக்டரைக் கேட்டுப் புதிதாக வாங்குங்கள். பட்டியல் முழுவதையும் அன்று மாலையே டாக்டருக்கு அனுப்பி, எது தொடர வேண்டும், எது வேண்டாம் என்று கேட்டு, அடுத்த முறை வரும்போது கையெழுத்து வாங்கிவிடுங்கள்.

ஒருவருக்கு ஒரு தாள்

மருந்து விவரம் மூன்று இடத்தில் இருந்தால் மூன்றும் வெவ்வேறாகத்தான் இருக்கும். நோட்டில் ஒன்று, சுவரில் ஒட்டிய காகிதத்தில் ஒன்று, ஆயாம்மாவின் மனதில் ஒன்று. ஆளுக்கு ஒரே ஒரு தாள் வையுங்கள். மேலே போட்டோ. சமீபத்திய போட்டோவாக இருக்கட்டும், கல்யாண ஆல்பத்திலிருந்து வெட்டியது உதவாது. ஒத்துக்கொள்ளாத மருந்து இருந்தால் சிவப்பில். சிறுநீரகம் எப்படி இருக்கிறது என்று காட்டும் கிரியாட்டினின் ரத்தப் பரிசோதனையில் கடைசியாக எவ்வளவு, எந்தத் தேதி. முழுங்கச் சிரமம் உண்டா இல்லையா. அதன்கீழே மருந்தின் பெயர், பக்கத்தில் இப்போது வாங்கும் பிராண்ட், அளவு, வேளை, அப்புறம் எதற்காக என்று ஒரு கட்டம்.

இந்த "எதற்காக" கட்டத்தை நான் விட்டுக்கொடுப்பதே இல்லை. எவ்வளவோ தேவையில்லாத மாத்திரைகள் அதனால் வெளியே தெரிந்திருக்கின்றன. ஒரு உதாரணம். பிரஷருக்கு அம்லோடிபின் ஆரம்பிப்பார்கள். சிலருக்கு அதனால் கணுக்கால் வீங்கும். வீக்கத்தைப் பார்க்கும் வேறொரு டாக்டர் நீர் போகும் மாத்திரை எழுதுவார். இரவில் மூன்று முறை எழுந்து போக வேண்டிவரும், தூக்கம் கெடும், தூக்க மாத்திரை வரும், அந்த மயக்கத்தில் இருட்டில் நடந்து இடுப்பு உடையும். ஒவ்வொரு டாக்டரும் தன் முன்னால் இருந்ததற்கு மருந்து எழுதினார். "எதற்காக" என்று ஒரே தாளில் வரிசையாக எழுதும்போது, நீர் மாத்திரைக்கு எதிரே "கால் வீக்கம், அம்லோடிபின் தொடங்கிய பிறகு" என்று வந்துவிடும். அதைப் படிக்கும் டாக்டருக்கு நீங்கள் எதுவும் சொல்லவே வேண்டாம். தலைசுற்றலுக்கு மாதக்கணக்கில் போகும் ஸ்டெமெட்டிலும் அதே வகைதான். அது நாளடைவில் கை நடுக்கத்தையும் நடை தள்ளாட்டத்தையும் கொண்டுவரலாம், பிறகு அதைப் பார்க்கின்சன் என்று நினைத்து இன்னொரு மருந்து சேரும்.

எழுதும்போது மில்லிகிராமையும் மைக்ரோகிராமையும் முழுதாக எழுதுங்கள். தைராய்டு மாத்திரை மைக்ரோகிராமில் வருகிறது. 25, 50, 75, 100 என்று டப்பாக்கள் பார்க்க ஒன்றுபோல இருக்கும். அரை மில்லிகிராமை 0.5 என்று எழுத வேண்டும், வெறும் புள்ளி ஐந்து என்று எழுதினால் புள்ளி மங்கியபின் அது ஐந்து ஆகிவிடும். "தேவைப்பட்டால்" என்று எழுதிய மாத்திரைக்கு, எதற்குத் தேவைப்பட்டால், எத்தனை மணி நேரம் கழித்து, ஒரு நாளைக்கு அதிகபட்சம் எத்தனை என்பதும் வேண்டும். டோலோ 650 ஒருபக்கம், சளி மாத்திரையில் கலந்திருக்கும் பாராசிட்டமால் இன்னொரு பக்கம் என்று சேர்ந்து போவது இப்படித்தான்.

பெயர்க் குழப்பம். லட்சுமி என்று எங்களிடம் எப்போதும் இரண்டு பேராவது இருப்பார்கள். காது மந்தமான ஒருவரிடம் "லட்சுமி பாட்டிதானே?" என்று கேட்டால், சரோஜா பாட்டியும் சிரித்துக்கொண்டே தலையாட்டுவார். "உங்க பேர் என்னங்க பாட்டி?" என்று கேளுங்கள். மறதி உள்ளவர் என்றால் போட்டோவைப் பாருங்கள். கட்டில் எண்ணை நம்ப வேண்டாம். வெயில் அடிக்கும் ஜன்னல் பக்கம் போய் யார் கட்டிலிலும் யாரும் உட்கார்ந்திருப்பார்கள்.

ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பும் நாள்

என்னைக் கேட்டால் வருடத்தின் மிக ஆபத்தான நாள் இதுதான். பெரும்பாலும் மாலையில்தான் டிஸ்சார்ஜ் ஆகும். கோயம்புத்தூரிலிருந்து ஏறி வந்து சேர ராத்திரி ஆகிவிடும். வருகிறவர் களைத்திருப்பார், கூட வந்தவர் அதைவிடக் களைத்திருப்பார். கையில் ஒரு ஃபைல், ஒரு பாலித்தீன் பை நிறையப் புது மாத்திரை. இங்கே அலமாரியில் அவருடைய பழைய டப்பா அப்படியே இருக்கும்.

ஒருமுறை அப்படித் திரும்பி வந்த ஒரு பாட்டிக்கு மறுநாள் காலை மாத்திரையை எடுத்து வைத்தபோது, தட்டைப் பிடித்திருந்த ஆயாம்மா நின்றுவிட்டார். "சிஸ்டர், பாட்டிக்கு பிரஷருக்கு எப்பவும் ஒரு வெள்ளை மாத்திரைதானே? இன்னைக்கு ரெண்டு இருக்கே" என்றார். எடுத்துப் பார்த்தால் பழைய டப்பாவிலிருந்து டெல்மா, புதுப் பையிலிருந்து அதே மருந்து வேறு பிராண்டில். ஆஸ்பத்திரியில் கொடுத்த டிஸ்சார்ஜ் சம்மரியில் மருந்து மாற்றப்பட்டதாக எதுவும் இல்லை. அங்கே இருந்த பிராண்டைக் கொடுத்திருந்தார்கள், அவ்வளவுதான். அந்த ஆயாம்மா எட்டாவது வரை படித்தவர். தினமும் அந்தப் பாட்டிக்குத் தண்ணீர் டம்ளர் கொடுக்கும் கை அது, அதனால் கண்டுபிடித்தார். வேலை செய்கிறவர்களிடம் "உனக்கென்ன தெரியும்" என்று ஒருமுறை சொல்லிவிட்டால், இந்தக் கேள்வி அடுத்த முறை வராது.

செய்ய வேண்டியது இது. அவர் உள்ளே வந்த உடனே பழைய டப்பாவை அலமாரியிலிருந்து எடுத்துத் தனியே பூட்டிவிடுங்கள். பழைய தாளைக் குறுக்கே கோடு போட்டு, தேதி எழுதி ஃபைலில் வையுங்கள். அதையே அடித்துத் திருத்தாமல் புதுத் தாள் எழுதுங்கள். டிஸ்சார்ஜ் சம்மரியின் கடைசிப் பக்கத்தை ஒருவர் சத்தமாகப் படிக்க, இன்னொருவர் பழைய தாளில் விரலை வைத்துப் பார்க்க வேண்டும். பழையதில் இருந்து புதியதில் காணாமல் போன ஒவ்வொரு மருந்துக்கும் ஒரு கேள்வி இருக்கிறது: வேண்டுமென்றே நிறுத்தினார்களா, எழுத மறந்தார்களா? தைராய்டு மாத்திரையும் வலிப்பு மாத்திரையும் பார்க்கின்சன் மாத்திரையும் விட்டுப்போவதை நானே பார்த்திருக்கிறேன், ஏனென்றால் அட்மிட் ஆனது நெஞ்சுச் சளிக்கு. இந்தக் கேள்விக்கு நீங்களாகப் பதில் போட்டுக்கொள்ளாமல், அன்றே நம்பரைத் தேடிப் பிடித்துக் கேளுங்கள். ஆன்டிபயாட்டிக், ஸ்டீராய்டு மாதிரி சில நாட்களுக்கு மட்டும் எழுதியதற்கு, நிறுத்த வேண்டிய தேதியையும் தாளிலேயே எழுதிவிடுங்கள். ரத்தம் உறையாமல் இருக்க வார்ஃபரின் அல்லது அசிட்ரோம் சாப்பிடுகிறவருக்குப் புதிதாக ஆன்டிபயாட்டிக் கொடுத்திருந்தால், ரத்தம் எவ்வளவு நேரத்தில் உறைகிறது என்று காட்டும் ஐஎன்ஆர் பரிசோதனையை அடுத்து எப்போது பார்க்க வேண்டும் என்று கேட்காமல் போனை வைக்காதீர்கள்.

காலை ஆறு மணி

எங்கள் ஊரில் ஆறு மணிக்குச் சூடாக டீ கொடுக்காவிட்டால் யாரும் மன்னிக்க மாட்டார்கள். தைராய்டு மாத்திரைக்கு அந்த டீதான் எதிரி. வெறும் வயிற்றில் தண்ணீரோடு போட்டு, அரை மணியிலிருந்து ஒரு மணி நேரம் வரை டீ, காபி, சாப்பாடு எதுவும் கூடாது. கால்சியம், இரும்புச் சத்து மாத்திரைகளோ நான்கு மணி நேரம் தள்ளி. மாத்திரையை டீயோடு கொடுத்துக்கொண்டே இருந்தால் தைராய்டு கட்டுக்குள் வராது, டாக்டர் அளவை ஏற்றிக்கொண்டே போவார். இரவு வேலை பார்ப்பவர் ஐந்து மணிக்குத் தைராய்டு மாத்திரை உள்ளவர்களுக்கு மட்டும் கொடுத்து, தாளில் போட்டுவிட்டுப் போவது எங்கள் ஏற்பாடு. அந்த நேரத்தில் எழுப்புவது சிலருக்குக் கஷ்டம். இரவு சாப்பிட்டு மூன்று மணி நேரம் கழித்துக் கொடுக்கலாமா என்று டாக்டரைக் கேட்டு மாற்றலாம்.

பொதுவாக எட்டு மணிச் சுற்றில்தான் நெரிசல். காலை உணவு, குளிக்க வெந்நீர், போன், கேட்டில் காய்கறி வண்டி எல்லாம் ஒன்றாக வரும். மருந்து கொடுக்கிறவரிடம் அந்த நேரத்தில் யாரும் பேசக் கூடாது என்று கண்டிப்பாக வைத்துக்கொள்ளுங்கள். எங்களிடம் அவர் ஒரு மஞ்சள் ஏப்ரன் போட்டிருப்பார், போனை ஆபீஸில் வைத்துவிடுவார். ஏப்ரன் போட்டவரைக் கூப்பிடுவதில்லை என்பது சமையல்கட்டு வரை தெரியும்.

எல்லோருக்கும் முன்கூட்டியே சின்னக் கிண்ணங்களில் போட்டுத் தட்டில் அடுக்கி எடுத்துப் போவது வேகமாகத்தான் இருக்கும், ஆனால் ஒரு கிண்ணம் இடம் மாறினால் இரண்டு பேருக்கு மருந்து மாறும். தாளைத் திறக்க வேண்டும், முகத்தைப் பார்க்க வேண்டும், அட்டையைப் படிக்க வேண்டும், கிழித்துக் கையில் கொடுத்து, முழுங்கும்வரை நின்று பார்த்து, உடனே தாளில் குறிக்க வேண்டும். அப்புறம்தான் அடுத்தவர். கொடுப்பதற்கு முன்பே குறிப்பதும், கடைசியில் உட்கார்ந்து மொத்தமாகக் குறிப்பதும் கூடாது. முழுங்கினாரா என்று பார்ப்பதற்காக வாயைத் திறக்கச் சொல்லி அதட்ட வேண்டாம். ஒரு வாய்த் தண்ணீர் கூடக் குடிக்கச் சொல்லி, ஊரைப் பற்றி ஒரு வார்த்தை கேட்டால் பதில் பேசும்போதே தெரிந்துவிடும். முந்தானை முடிச்சிலும் தலையணைக்கு அடியிலும் மாத்திரை கிடைத்தால், அவர் ஏதோ சொல்ல வருகிறார். கசக்கிறதா, முழுங்க முடியவில்லையா, வயிறு எரிகிறதா என்று கேளுங்கள். சாதத்தில் ஒளித்து ஊட்டாதீர்கள். வேண்டாம் என்று சொல்லும் உரிமை அவருக்கு உண்டு. "மறுத்தார்" என்று எழுதி டாக்டரிடம் சொல்லுங்கள்.

பார்க்கின்சன் உள்ளவரின் சின்டோபா மட்டும் எந்தச் சுற்றுக்கும் காத்திருக்காது. அவருடைய நேரம் எட்டு, பன்னிரண்டு, நான்கு என்றால் அந்த மணிக்கே கொடுக்க வேண்டும். தாமதமானால் கை கால் மரத்துப்போனதுபோல் அப்படியே உட்கார்ந்துவிடுவார், தண்ணீர்கூட முழுங்க முடியாது. வாந்திக்குச் சாதாரணமாகக் கொடுக்கும் பெரினார்ம் அவருக்குக் கூடாது என்று தாளில் பெரிதாக எழுதிவையுங்கள்.

பொடிக்கக் கூடாதவை

முழுங்க முடியாதவருக்கு மாத்திரையை இடித்துத் தேனில் குழைத்துக் கொடுப்பது நம் கை வழக்கம். அட்டையில் எஸ்ஆர், எக்ஸ்எல், இஆர், சிஆர், ரிட்டார்டு என்று இருந்தால் அந்த மருந்து நாள் முழுவதும் கொஞ்சம் கொஞ்சமாக வெளிவரும்படி செய்யப்பட்டது. இடித்தால் ஒரு நாளைய அளவு மொத்தமாக இறங்கும். நிஃபெடிபின் ரிட்டார்டை அப்படிக் கொடுத்தால் பிரஷர் தடாலென்று விழும். எக்கோஸ்ப்ரினுக்கும் பான்டோபிரசோலுக்கும் மேல்பூச்சு வயிற்று அமிலத்துக்காகப் போடப்பட்டது, அவற்றையும் இடிக்கக் கூடாது. பல மருந்துகளுக்குச் சிரப்போ கரையும் மாத்திரையோ இருக்கிறது, கேட்டால் எழுதித் தருவார்கள். நடுவில் கோடு இருக்கும் மாத்திரையைத்தான் பாதியாக்கலாம்.

வாரம் ஒரு முறையும், இன்சுலினும்

மூட்டுவாதத்துக்குக் கொடுக்கும் மெத்தோட்ரெக்சேட் வாரத்தில் ஒரு நாள் மட்டும். தினமும் கொடுத்தால் வாய் முழுக்கப் புண் வரும், ரத்த அணுக்கள் இறங்கும், உயிரே போகும். அதன் ஒரு பிராண்ட் ஃபோலிட்ராக்ஸ். கூடவே எழுதும் ஃபோலிக் ஆசிட்டின் பிராண்ட் ஃபோல்வைட். பெயரும் கிட்டத்தட்ட ஒன்று, இரண்டுமே சின்ன மாத்திரை. ஒரே டப்பாவில் இரண்டையும் வைக்காதீர்கள். மெத்தோட்ரெக்சேட் எங்களிடம் பூட்டிய இழுப்பறையில் தனியாக இருக்கும். தாளில் கிழமையை எழுதி, மற்ற ஆறு கட்டங்களையும் பேனாவால் அடித்துவிடுவோம். எலும்புத் தேய்மானத்துக்கான வார மாத்திரை அலென்ட்ரோனேட்டுக்கும் கிழமை உண்டு. வெறும் வயிற்றில் ஒரு டம்ளர் நிறையத் தண்ணீரோடு போட்டு அரை மணி நேரம் நிமிர்ந்து உட்கார வேண்டும். படுத்தால் உணவுக்குழாய் புண்ணாகும்.

இன்சுலினில் சிரிஞ்சைப் பாருங்கள். நம் ஊரில் மிக்ஸ்டார்ட் மாதிரி குப்பியில் வருவது பெரும்பாலும் ஒரு மில்லிக்கு 40 யூனிட், அதற்குச் சிவப்பு மூடி சிரிஞ்ச். 100 யூனிட் இன்சுலினுக்கு ஆரஞ்சு மூடி. 100 யூனிட் மருந்தைச் சிவப்பு மூடி சிரிஞ்சில் 20 வரை இழுத்தால் உள்ளே போவது 50 யூனிட். 40 யூனிட் மருந்தை ஆரஞ்சு மூடி சிரிஞ்சில் இழுத்தால் 20க்குப் பதில் 8தான் போகும். இன்சுலின் பேனாவில் இருக்கும் கார்ட்ரிட்ஜிலிருந்து சிரிஞ்சால் உறிஞ்சுவதை யார் செய்தாலும் நிறுத்துங்கள். ஊசி போடுவதற்கு முன் இன்னொருவர் குப்பியையும் கோட்டையும் பார்த்துச் சத்தமாகச் சொல்ல வேண்டும். சாப்பிடுவாரா மாட்டாரா என்று தெரியாத நாளில் சர்க்கரையைப் பார்த்துவிட்டு டாக்டரைக் கேட்டபின்தான் ஊசி.

மழையும் குளிரும்

ஆடி மாதத்து மூடுபனியில் எங்கள் அலமாரிக் கதவே நனைந்திருக்கும். மாத்திரைகளை அட்டையிலிருந்து பிரித்து வாரப் பெட்டியில் போட்டுவைப்பது இங்கே சரிப்பட்டு வராது. ஆஸ்பிரின் ஈரம் பட்டால் சிதைந்து வினிகர் வாசனை அடிக்கும், வலிப்புக்கான வால்ப்ரோயேட் பிசுபிசுக்கும். அட்டையோடே வையுங்கள், காலாவதித் தேதி அச்சடித்த முனையைக் கடைசியில் வெட்டுங்கள். ஃபிரிட்ஜில் இன்சுலினை ஐஸ் பெட்டிக்கு ஒட்டி வைக்காதீர்கள், உறைந்தது உதவாது. ஐப்பசி கார்த்திகையில் மலைப்பாதை அடைபடும். 2009 நவம்பரில் மண் சரிந்து நாற்பதுக்கும் மேற்பட்டவர்கள் இறந்ததை இங்கே யாரும் மறக்கவில்லை. அந்த மாதங்களில் பத்துப் பதினைந்து நாளைக்கான மருந்து எப்போதும் கையில் இருக்க வேண்டும். கையிருப்பு தீர்ந்து, கிடைத்த பிராண்டை அவசரமாக வாங்கும்போதுதான் மருந்து மாறுகிறது.

குளிர் காலத்தில் சளியும் முட்டிவலியும் எல்லோருக்கும் வரும். கடையில் கேட்டு வாங்கும் சளி சிரப்பில் இருக்கும் குளோர்ஃபெனிரமின் வயதானவர்களுக்குக் குழப்பத்தைத் தரும். பிராஸ்டேட் வீங்கிய தாத்தாவுக்குச் சிறுநீர் அடைத்துக்கொள்ளும். பிரஷருக்கு டெல்மிசார்ட்டானும் நீர் மாத்திரையும் சாப்பிடுகிறவருக்கு முட்டிவலிக்கு டைக்ளோஃபெனாக் சேர்ந்தால் சிறுநீரகம் அடிபடும். வெந்நீர்ப் பை, உல்லன் முட்டி உறை, அளவோடு பாராசிட்டமால் என்று முதலில் போங்கள்.

தவறிவிட்டால்

முதலில் ஆளைப் பாருங்கள். மூச்சு, நாடி, பிரஷர், சர்க்கரை, கூப்பிட்டால் பேசுகிறாரா. என்ன மருந்து, எவ்வளவு, எத்தனை மணிக்கு என்று எழுதி, அட்டையைக் கையில் வைத்துக்கொண்டு டாக்டரைக் கூப்பிடுங்கள். எழுப்ப முடியவில்லை, மூச்சுத் திணறல், வலிப்பு என்றால் நேரே 108. வாந்தி எடுக்க வைக்கக் கூடாது. சர்க்கரை 70க்குக் கீழே இருந்து, நன்றாக முழுங்க முடிந்தால் மூன்று தேக்கரண்டி சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் கொடுத்து, கால் மணி நேரத்தில் மறுபடி பாருங்கள். நினைவில்லாதவர் வாயில் எதையும் ஊற்றாதீர்கள். கிளிமெபிரைடோ கிளிபென்கிளமைடோ கூடுதலாகப் போயிருந்தால், ஏறிய சர்க்கரை திரும்ப இறங்கும். ஒரு நாள் முழுக்க, ராத்திரியும் சேர்த்துப் பார்க்க வேண்டும், அதனால் ஆஸ்பத்திரிக்கு அனுப்புவதே நல்லது. ஒரு வேளை விட்டுப்போனால் அடுத்த வேளையில் இரண்டாகச் சேர்த்துக் கொடுக்காதீர்கள். இன்சுலின், ரத்தம் உறையாமல் இருக்கும் மாத்திரை, வலிப்பு மாத்திரை, சின்டோபா, இதயத்துக்கான டிகாக்சின் விட்டுப்போனால் அன்றே டாக்டருக்குச் சொல்ல வேண்டும்.

குடும்பத்துக்கு அன்றே சொல்லுங்கள். மறைத்து வைத்து ஒரு வாரம் கழித்து அவர்களே கண்டுபிடித்தால், அதன்பின் நீங்கள் சொல்லும் எதையும் நம்ப மாட்டார்கள்.

மருந்து மாற்றிக் கொடுத்ததற்காக ஒரு ஆயாம்மாவின் சம்பளத்தைப் பிடித்த இல்லம் ஒன்று எனக்குத் தெரியும். அதன்பிறகு அங்கே ஒரு தவறும் நோட்டில் பதிவாகவில்லை. தவறு நின்றுபோனதாக நிர்வாகம் நினைத்தது, சொல்வதுதான் நின்றுபோயிருந்தது. எனக்கு இன்றும் அதை நினைத்தால் கோபம் வருகிறது. எங்கள் மருந்து அறையில் ஒரு நோட்டு தொங்குகிறது. நடந்ததையும், நடக்க இருந்து தப்பியதையும் யார் வேண்டுமானாலும் எழுதலாம், எழுதத் தெரியாதவர் சொன்னால் நான் எழுதுவேன். யார் செய்தார் என்ற கட்டம் அதில் கிடையாது. எந்த நேரம், எந்த மருந்து, அப்போது வேறு என்ன நடந்துகொண்டிருந்தது என்பது மட்டும். மாதம் ஒருமுறை எல்லோரும் உட்கார்ந்து படிக்கும்போது, ஒரே மணி, ஒரே அலமாரித் தட்டு திரும்பத் திரும்ப வருவது தெரியும். மாற்ற வேண்டியது அதைத்தான்.

பிள்ளைகளுக்கு

இல்லத்தைப் பார்க்க வரும்போது தோட்டத்தையும் டிவியையும் பார்த்துவிட்டுப் போகாதீர்கள். மருந்து யார் கொடுக்கிறார், அவர் லீவில் போனால் யார், என் அம்மாவின் தாளைக் காட்ட முடியுமா என்று கேளுங்கள். தாளில் இன்றைய காலைக் கட்டம் குறிக்கப்பட்டிருக்கிறதா, நாளைய கட்டமும் சேர்த்துக் குறிக்கப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். கடைசியாக மருந்தில் தவறு நடந்தது எப்போது, அப்போது என்ன செய்தீர்கள் என்றும் கேளுங்கள். யோசித்துப் பதில் சொல்கிற இல்லத்தை நம்பலாம்.

ஆறு மாதத்துக்கு ஒருமுறை டாக்டரை உட்காரவைத்து, இதில் எதை நிறுத்தலாம் என்று கேட்பது உங்கள் வேலையும்கூட. ஆனால் அல்பிரசோலம் மாதிரி பழகிய தூக்க மாத்திரையை நீங்களாக ஒரே நாளில் நிறுத்தச் சொல்லாதீர்கள், படிப்படியாகத்தான் குறைக்க வேண்டும். வரும்போது தைலம், லேகியம், விட்டமின் என்று எது வாங்கி வந்தாலும் அம்மா கையில் கொடுக்காமல் மருந்து அறையில் கொடுங்கள்.

ஹெத்தையம்மன் திருவிழாவுக்கோ பொங்கலுக்கோ வீட்டுக்கு அழைத்துப் போனால், தாளின் ஒரு நகலும், நாள் கணக்குப்படி மாத்திரையும், பெயர் எழுதிய கவரில் தருவோம். கொடுக்கும்போது குறித்துக்கொள்ளுங்கள். அங்கே வேறு டாக்டரிடம் காட்டியிருந்தால் அந்தச் சீட்டையும், மீதி மாத்திரைகளையும் அப்படியே திரும்பக் கொண்டுவாருங்கள். பண்டிகை வீட்டில் இரண்டு வேளை விட்டுப்போவது சகஜம்தான், யாரும் கோபித்துக்கொள்ள மாட்டோம். எத்தனை வேளை போகவில்லை என்று தெரிந்தால்தான், வந்த அன்று ஏறியிருக்கும் பிரஷருக்குப் புதிதாக ஒரு மாத்திரை தேவையா இல்லையா என்று டாக்டருக்குச் சரியாகச் சொல்ல முடியும்.